கரைக்கு வந்த புத்தகங்கள்

உரைநடை உலகம்

நுழையும்முன்

கோயிலுக்கு வர இயலாதவரும் காணும்பொருட்டு இறைவன் தேரேறி வீதிக்கு வருவதாகக் கூறுவது தமிழர் மரபு. நூலகத்தையும் புத்தகக் கடையையும் எளிதில் எட்ட இயலாத குழந்தைகளைத் தேடிப் புத்தகங்களும் அவற்றைப் படைத்தவர்களும் வீதிக்கு வருவது அம்மரபின் இன்றைய தொடர்ச்சி எனலாம். எழுத்தாளரையும் ஓவியரையும் ஊர் விழாவில் நேரில் காணும் குழந்தை எதைப் பெறுகிறது? அவர்கள் விடைபெற்றுச் சென்றபின் அக்குழந்தையிடம் எஞ்சுவது யாது? இவ்வினாக்களை வடசென்னைக் கடற்கரையை முன்னிறுத்தி ஆராய்கிறது இப்பாடம்.

இரு மலைகளும் ஒரு சூரியனும்

தமிழகத்தின் எந்தப் பள்ளிக்குச் சென்று "ஓர் இயற்கைக் காட்சி வரைக" என்று கூறினாலும், பெரும்பாலான குழந்தைகளின் தாளில் ஒரே படத்தைக் காணலாம். இரண்டு மலைகள், அவற்றின் நடுவே எழும் சூரியன், மலையடிவாரத்திலிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு குடிசையும் ஒரு தென்னையும். இராயபுரத்திலோ எண்ணூரிலோ வாழும் குழந்தையும் இதையே வரைகிறது. அக்குழந்தை நாள்தோறும் காணும் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. அதன் கண்முன் நிற்பவை துறைமுகத்தின் பாரந்தூக்கிகளும் ஆலைகளின் புகைபோக்கிகளும் விசைப்படகுகளும்தாம். ஆயினும் படம் என்றவுடன், தான் காணாத மலையையே அதன் கை வரைகிறது.

இது குழந்தையின் பிழையன்று. படத்துக்குரிய பொருள் வேறெங்கோ இருக்கிறது. தன் தெரு படத்துக்குரியதன்று என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது. கதைக்கும் இது பொருந்தும். கதைகள் காட்டிலும் அரண்மனையிலும் நிகழ்வன. நூல்கள் எங்கோ, யாரோ ஆக்குவன என்னும் எண்ணம் குழந்தை மனத்தில் ஆழப் பதிந்துவிடுகிறது. இவ்வெண்ணத்தை மாற்றும் ஆற்றல், எழுதுவோரும் வரைவோரும் குழந்தைகளைத் தேடி வரும் ஊர் விழாக்களுக்கு உண்டு.

உழைப்பின் கரை

இராயபுரத்தில் தொடங்கி, காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், கத்திவாக்கம் வழியாக எண்ணூர் முகத்துவாரம்வரை நீள்வது வடசென்னையின் கடற்கரைப் பகுதி. தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856ஆம் ஆண்டு இராயபுரம் நிலையத்திலிருந்தே புறப்பட்டது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம், சென்னைத் துறைமுகம், எண்ணூரின் காமராசர் துறைமுகம், அனல்மின் நிலையங்கள், ஊர்தி ஆலைகள், வார்ப்பாலைகள் எனப் பல தொழில்களின் நிலைக்களமாக இப்பகுதி விளங்குகிறது. திருவொற்றியூரில் இயங்கிய விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரை இன்று மெட்ரோ இரயில் நிலையம் ஒன்று தாங்கி நிற்கிறது.

இக்கரை இலக்கியத்துக்குப் புதியதன்று. திருவொற்றியூர், தேவாரப் பாடல்பெற்ற தலம். சுந்தரர் சங்கிலியாரை மணந்த ஊர் எனப் பெரியபுராணம் அதனைப் போற்றுகிறது. பட்டினத்தார் அடங்கிய இடமாகக் கருதப்படுவதும் இவ்வூர்க் கடற்கரையே. வள்ளலார் பலகால் வந்து வழிபட்டுப் பாடிய ஊரும் இதுவே. இத்தகைய நெடிய மரபுடைய மண்ணில் வாழும் குழந்தைகள், தம் ஊரைப் பற்றிய நூலொன்றைக் கையிலேந்தும் வாய்ப்பு அரிதாகவே இருக்கிறது. திரைப்படங்களும் செய்திகளும் வடசென்னையைப் பெரும்பாலும் வன்முறையின் களமாகவோ மாசின் இருப்பிடமாகவோ காட்டுகின்றன. வலை பின்னும் விரல்களையும் இரும்பை உருக்கும் கைகளையும் காட்டும் சிறார் நூல்கள் மிகச் சிலவே.

வண்டி ஏறிய நூலகம்

நூல்கள் மக்களைத் தேடிச் செல்லவேண்டும் என்னும் எண்ணம் தமிழகத்தில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே செயல்வடிவம் பெற்றது. 1931ஆம் ஆண்டு மன்னார்குடி வட்டத்தில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்குக் கொண்டுசென்ற நடமாடும் நூலகம் ஒன்று தொடங்கப்பட்டது. அதனைத் தொடங்கியவர் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை. அவருக்கு ஊக்கமாக அமைந்தவர் நூலகத் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி எஸ்.ஆர். அரங்கநாதன்.

அரங்கநாதன் அதே 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். அவற்றுள் இரண்டு இங்கு நினைக்கத்தக்கன. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொரு நூலும் அதற்குரிய வாசகரை அடைதல் வேண்டும் என்பது மற்றொன்று. காசிமேட்டின் குழந்தைக்கு உரிய நூல் எது? அந்நூல் எழுதப்பட்டுவிட்டதா? எழுதப்பட்டிருப்பின் அது அக்குழந்தையின் கையை எட்டியதா? இரு விதிகளையும் ஒன்றாகப் பொருத்திப் பார்க்கும்போது இவ்வினாக்கள் எழுகின்றன.

குழந்தைகளுக்கென ஓர் அமைப்பு

பெரியவர்களுக்கு எழுதுவதன் இடையே, ஓய்வு நேரத்தில் குழந்தைகளுக்கும் சிறிது எழுதுவது என்னும் நிலை தமிழில் நெடுங்காலம் இருந்தது. குழந்தைகளுக்கு எழுதுவதையே தம் முதன்மைப் பணியாகக் கொண்டவர்களை ஒன்றுசேர்க்க 1950ஆம் ஆண்டு சென்னையில் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் உயிர்நாடியாக விளங்கியவர் 'குழந்தைக் கவிஞர்' அழ. வள்ளியப்பா. இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தின் இராயவரத்தில் 1922இல் பிறந்த அவர், வங்கிப் பணியில் இருந்துகொண்டே குழந்தைகளுக்காகப் பாடல்கள் எழுதினார். 'பூஞ்சோலை', 'கோகுலம்' முதலிய இதழ்களின் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்றார். அவருடைய 'மலரும் உள்ளம்' தமிழ்க் குழந்தைப் பாடல் வரலாற்றில் தனியிடம் பெற்றது.

சங்கம் மாநாடுகளை நடத்தியது, குழந்தை எழுத்தாளர்களைப் பற்றிய குறிப்புகளைத் தொகுத்து நூலாக்கியது, புதியவர்களுக்கு ஊக்கமளித்தது. எழுத்தாளர் ஒருவர் தனியே செய்ய இயலாததை அமைப்பாகச் சேர்ந்து செய்யமுடியும் என்பதை அது மெய்ப்பித்தது.

இன்றைய சிறார் இலக்கியம் தாலாட்டு, விளையாட்டுப் பாடல், நீதிக்கதை ஆகியவற்றோடு நின்றுவிடவில்லை. 2010ஆம் ஆண்டுமுதல் சாகித்திய அகாதெமி வழங்கிவரும் பால சாகித்திய புரஸ்கார் விருதைப் பெற்ற தமிழ் நூல்களே இதற்குச் சான்று. 2014இல் விருது பெற்ற இரா. நடராசனின் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' அறிவியலைக் கதையாக்கியது. 2020இல் விருது பெற்ற எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' குழந்தைகளின் உடற்பாதுகாப்பு குறித்து அவர்களுக்கு ஏற்ற மொழியில் பேசியது. குழந்தையின் வாழ்க்கையில் உள்ளவை அனைத்தும் குழந்தை இலக்கியத்துக்கு உரியவை என்னும் தெளிவு இப்போது பிறந்துள்ளது.

முத்தியால்பேட்டையிலிருந்து ஓர் ஓவியர்

குழந்தை நூலில் எழுத்துக்கு இணையானது ஓவியம். எழுத்தறியாத குழந்தையும் படத்தைப் படிக்கிறது. ஆயினும் கதை எழுதியவர் பெயரை நினைவில் வைக்கும் பலர், படம் வரைந்தவர் பெயரை அறிந்துகொள்வதில்லை.

விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் சுமந்து, வாளேந்திச் சுடுகாட்டு வழியே நடக்கும் படத்தை அறியாத தமிழர் குறைவு. 'அம்புலிமாமா' இதழில் அப்படத்தை வரைந்தவர் சங்கர் எனக் கையொப்பமிட்ட கே.சி. சிவசங்கரன். 1924இல் தாராபுரம் அருகே காரத்தொழுவில் பிறந்த அவர், சிறுவயதிலேயே குடும்பத்துடன் சென்னைக்கு வந்தார். இராயபுரத்தை அடுத்துள்ள ஜார்ஜ் டவுன் பகுதியில், முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். அவருடைய கைத்திறனைக் கண்ட ஓவிய ஆசிரியர், ஓவியக் கல்லூரியில் சேருமாறு வழிகாட்டினார். சென்னை ஓவியக் கல்லூரியில் அன்று முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினா கடற்கரையில் பாறையைப் புரட்டும் நால்வரைக் கொண்ட உழைப்பாளர் சிலையை வடித்தவர் அவரே.

1950களின் தொடக்கத்தில் 'அம்புலிமாமா'வில் சேர்ந்த சங்கர், ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அவ்விதழுக்காக வரைந்தார். 2020இல் மறைந்த அவருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பல தலைமுறைக் குழந்தைகளின் கற்பனைக்கு உருவம் கொடுத்த அக்கை, வடசென்னைப் பள்ளி ஒன்றின் ஓவிய வகுப்பில் கண்டெடுக்கப்பட்டது. ஒரு பெரியவர் உற்றுநோக்கி ஊக்கப்படுத்தியதால் ஒரு கலைஞர் உருவானார். அத்தகைய உற்றுநோக்கலுக்குப் பள்ளி ஓர் இடம். ஊர் விழா மற்றோர் இடம்.

விழாவில் நிகழ்வது என்ன?

கலை, அரங்குகளைவிட்டு மக்கள் வாழும் இடத்துக்கு வரவேண்டும் என்னும் முயற்சிகள் சென்னையில் பல நடைபெற்றுள்ளன. தென்சென்னையின் மீனவர் குடியிருப்பான ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015ஆம் ஆண்டு தொடங்கிய விழா அவற்றுள் ஒன்று. கருநாடக இசையும் பறையாட்டமும் ஒரே கடற்கரை மேடையில் இடம்பெற்ற அவ்விழா, பின்னாளில் 'சென்னை கலைத் தெரு விழா' எனப் பெயர் பெற்றது. வடசென்னையிலும் பொங்கல், குழந்தைகள் நாள், கோடை விடுமுறை ஆகியவற்றையொட்டித் தெருவிழாக்களும் வாசிப்பு நிகழ்வுகளும் நடைபெறுகின்றன. இத்தகைய விழாக்களுக்குச் சிறார் எழுத்தாளர்களும் ஓவியர்களும் வரும்போது, மேடைப் பேச்சைவிடத் தரையில் நிகழும் உரையாடலே பெரும்பயன் தருகிறது.

மீனவர் குடியிருப்பின் தெருமுனையில் பந்தலிட்டு, பாய் விரித்து, கயிறு கட்டி அதில் நூல்களைத் தொங்கவிட்டிருப்பதாகக் கொள்வோம். கதை கேட்டு முடித்த குழந்தைகளின் முன், ஓவியர் வெள்ளைத் தாளில் கடலையும் அதில் ஒரு படகையும் வரைகிறார். முக்கோணப் பாயுடன் கூடிய அழகிய படகு அது. முன்வரிசையில் இருக்கும் சிறுமி எழுந்து, "அண்ணா, எங்க படகுல பாய் இல்ல. பின்னாடி இன்ஜின் இருக்கும்" என்கிறாள். மற்றொரு சிறுவன், கண்ணாடியிழைப் படகின் முனை இன்னும் மேலே தூக்கியிருக்கும் என்கிறான். வலையின் மேல்விளிம்பில் மிதவைகளும் கீழ்விளிம்பில் ஈயக் குண்டுகளும் இருக்கவேண்டும் என மூன்றாமவன் நினைவூட்டுகிறான். ஓவியர் அழிக்கிறார், மீண்டும் வரைகிறார், குழந்தைகளிடமே கேட்டுத் திருத்துகிறார்.

இந்நிகழ்வில் இரண்டு பாடங்கள் உள்ளன. நூலில் அச்சாகியுள்ள படம் வானிலிருந்து விழுந்ததன்று; ஒருவர் வரைந்து, பிழைபட்டு, அழித்து, மீண்டும் வரைந்து ஆக்கியது என்று குழந்தை கண்ணால் காண்கிறது. வலை அறுந்தால் தந்தை அமர்ந்து மடிமடியாகச் சீர்செய்வதை நாள்தோறும் பார்க்கும் குழந்தைக்கு, இது தான் அறிந்த உழைப்பின் இன்னொரு வடிவமாகத் தோன்றுகிறது. தனக்குத் தெரிந்தது படம் வரைபவருக்குத் தெரியவில்லை. தன் அறிவுக்கும் நூலில் இடமுண்டு என்பதையும் அக்குழந்தை உணர்கிறது. படிப்பில் பின்தங்கியதாகக் கருதப்படும் குழந்தை, படகின் உறுப்புகளைப் பெயர்சொல்லி விளக்கும் அந்நேரத்தில் ஆசிரியராகிறது.

ஓவியருக்கும் அது கற்றல்தான். அடுத்த நூலில் அவர் வரையும் படகு, எந்தக் கடலிலும் இல்லாத படகாக இராது.

பல கைகளின் நூல்

நூல் ஒன்றின் பின்னால் உள்ள உழைப்பைக் குழந்தைகள் அறிந்துகொள்ள விழா நல்ல வாய்ப்பாகும். படநூல்கள் பெரும்பாலும் 24 அல்லது 32 பக்கங்களில் அமைகின்றன. பெரிய தாளை அச்சிட்டு மடித்துப் பக்கங்களாக்குவதால், பக்க எண்ணிக்கை எட்டின் அல்லது பதினாறின் மடங்காக வருவது இதற்குக் காரணம். எழுத்தாளர் கதையைச் சுருக்குகிறார்; ஓவியர் ஒவ்வொரு பக்கத்துக்கும் சிறு முன்வரைவு இட்டு மாதிரி நூல் ஒன்றை உருவாக்குகிறார்; பதிப்பாசிரியர், எது சொல்லால் சொல்லப்படவேண்டும், எது படத்தால் சொல்லப்படவேண்டும் என்று ஆராய்கிறார். படம் சொல்வதைச் சொல் மீண்டும் சொல்லாதிருப்பதே நல்ல படநூலின் இலக்கணம். வடிவமைப்பாளரும் அச்சகத்தாரும் கட்டமைப்போரும் அதன்பின் தம் பணியைத் தொடர்கின்றனர்.

சென்னை, சிறார் நூல் வெளியீட்டில் உலக அளவில் பெயர்பெற்ற நகரம். 1994இல் தொடங்கப்பட்ட தாரா பதிப்பகம், கையால் செய்த தாளில், கையாலேயே திரைஅச்சு முறையில் நூல்களை உருவாக்குகிறது. மத்தியப் பிரதேசத்தின் கோண்டு பழங்குடி ஓவியர்களான பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகியோர் வரைந்த 'மரங்களின் இரவு வாழ்க்கை' பற்றிய அப்பதிப்பகத்தின் நூல், 2008இல் இத்தாலியின் பொலோனியா சிறார் நூற்கண்காட்சியில் விருது பெற்றது. வீட்டுச் சுவரிலும் தரையிலும் வரைந்துவந்த மரபினர், உலக மேடையில் நூலாசிரியர்களாகப் போற்றப்பட்டனர்.

1996இல் தொடங்கப்பட்ட தூலிகா பதிப்பகம் ஒரே படநூலைத் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் வெளியிடுகிறது. அதன் 'கஜபதி குலபதி' என்னும் நூல், தடுமன் பிடித்த யானை ஒன்றைப் பற்றியது. சென்னையைச் சேர்ந்த அசோக் ராஜகோபாலன் அதனை எழுதியதுடன் படங்களையும் வரைந்துள்ளார். எழுதும் கையும் வரையும் கையும் ஒன்றாகவே இருக்கலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

தெரிந்து தெளிவோம்

இரண்டாம் உலகப் போரால் சிதைந்திருந்த செருமனியில், 1946ஆம் ஆண்டு மியூனிக் நகரில் பன்னாட்டுச் சிறார் நூற்கண்காட்சி ஒன்று நடைபெற்றது. அதனை அமைத்தவர் ஜெல்லா லெப்மான் என்னும் பெண்மணி. உணவும் உறைவிடமும் இல்லாத காலத்தில் குழந்தைகளுக்குப் புத்தகம் எதற்கு என்னும் கேள்வியை அவர் எதிர்கொண்டார். பல நாடுகளுக்கு மடல் எழுதி நூல்களைப் பெற்றார். கண்காட்சியோடு நில்லாமல், 1949இல் அந்நகரிலேயே பன்னாட்டு இளையோர் நூலகத்தை நிறுவினார். 1953இல் சிறார் நூல்களுக்கான பன்னாட்டுக் குழுமம் தோன்றவும் அவரே காரணமானார். கதையாசிரியர் ஆன்டர்சன் பிறந்த ஏப்ரல் 2ஆம் நாள், 1967முதல் பன்னாட்டுச் சிறார் நூல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

பந்தல் பிரித்தபின்

விழாவைப் பாராட்டும்போதே அதன் எல்லையையும் உணர்தல் வேண்டும். ஒரு நாள் விழா, ஒரு நாள் மகிழ்ச்சியாகவே முடிந்துவிடக்கூடும். கயிற்றில் தொங்கிய நூல்கள் மீண்டும் பெட்டிக்குள் செல்கின்றன; பந்தல் பிரிக்கப்படுகிறது; விருந்தினர் விடைபெறுகின்றனர். மறுநாள் காலை, முந்தைய நாள் கேட்ட கதையை மீண்டும் படிக்க விரும்பும் குழந்தைக்கு அந்நூல் கிடைக்குமா? கிடைக்கவில்லையெனில், விழா அக்குழந்தைக்குப் பசியை உண்டாக்கி உணவை மறைத்ததாகவே அமையும்.

ஜெல்லா லெப்மானின் கண்காட்சி மூன்று ஆண்டுகளில் நூலகமாக மாறியது. மன்னார்குடியின் மாட்டுவண்டி ஒருமுறை வந்து நின்றுவிடவில்லை. மீண்டும் வருவதே அதன் பணியாக இருந்தது. ஆகவே, விழாவின் வெற்றியை வந்தோரின் எண்ணிக்கையால் அளவிடுவதைவிட, விழாவுக்குப் பின் கரையில் தங்கிய நூல்களால் அளவிடுவதே பொருந்தும். இப்பணிக்குப் பெரும்பொருள் தேவையில்லை. பள்ளியில் ஓர் அலமாரி, நற்பணி மன்றத்தில் ஒரு மூலை, மீன் ஏலக்கூடத்தின் அருகே ஒரு திண்ணை ஆகியவை போதுமானவை. நூல்களை எடுத்துத்தந்து பெற்றுக்கொள்ள, அப்பகுதியின் மேனிலை மாணவர் ஒருவர் முன்வந்தால் நூலகம் தொடங்கிவிடும்.

தமிழக அரசின் வாசிப்பு இயக்கம், குழந்தைகளின் வாசிப்புத் திறனுக்கேற்ப நுழை, நட, ஓடு, பற என்னும் நான்கு படிநிலைகளில் சிறு நூல்களை வெளியிட்டுப் பள்ளிகளுக்கு வழங்கியது. பள்ளிக் கல்வித்துறையின் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' ஆகிய இதழ்கள் மாணவர்களின் படைப்புகளுக்கும் இடமளிக்கின்றன. வாசிக்கும் குழந்தை எழுதும் குழந்தையாகவும் வளர இவை வழிசெய்கின்றன.

எழுதப்படாத கதைகள்

வடசென்னைக் கரையில் எழுதப்படாத கதைகள் எண்ணற்றவை. கொசத்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில், நீருக்குள் கையால் துழாவி இறால் பிடிப்போரின் விரல்நுனி அறிவு ஒரு கதை. காற்றின் திசையும் நீரின் நிறமும் கண்டு கடலின் போக்கைக் கூறும் பாட்டனின் நினைவு ஒரு கதை. இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் ஆலைத் தொழிலாளியின் சைக்கிள் மணி ஒரு கதை.

துயரமும் அக்கதைகளுள் அடங்கும். 2017ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள், எண்ணூர்க்கு அருகே கடலில் இரு கப்பல்கள் மோதியதால் எண்ணெய் கசிந்து கரையில் படிந்தது. மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் வாளிகளால் எண்ணெய்ப் படிவை அள்ளினர். 2023 திசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது கழிமுகத்தில் மீண்டும் எண்ணெய் பரவிப் படகுகளையும் வலைகளையும் பாழ்படுத்தியது. இந்நிகழ்வுகளைச் செய்தித்தாள்கள் பதிவுசெய்துள்ளன. ஆனால், கறுத்துப்போன வலையைத் தன் வீட்டு வாசலில் கண்ட ஏழு வயதுக் குழந்தையின் கண்வழி அவை சொல்லப்படவேண்டும் அல்லவா? அதனை வெளியிலிருந்து வரும் எழுத்தாளர் அக்கறையோடு எழுதலாம். அக்குழந்தையே வளர்ந்து எழுதும்போது அது வேறொரு நூலாக அமையும்.

விழாவுக்கு வரும் எழுத்தாளரும் ஓவியரும் ஆற்றக்கூடிய மிகப் பெரிய பணி, தம் நூலை விற்பதன்று. தம் கதையைச் சொல்வதும் மட்டுமன்று. "உன் கதையை நீயும் எழுதலாம், உன் தெருவை நீயும் வரையலாம்" என்னும் நம்பிக்கையைக் குழந்தையின் கையில் கொடுத்துச் செல்வதே அப்பணி. முத்தியால்பேட்டையின் ஓவிய ஆசிரியர் ஒரு மாணவருக்குச் செய்ததை, விழா பல குழந்தைகளுக்கு ஒரே நாளில் தொடங்கிவைக்கிறது. அதனைத் தொடர்வது பள்ளியின், நூலகத்தின், ஊரின் கடமையாகும்.

அந்நாள் வரும்போது, "ஓர் இயற்கைக் காட்சி வரைக" என்னும் ஆசிரியரின் சொல்லைக் கேட்டுக் கடற்கரைக் குழந்தையின் தாளில் மலைகள் எழா. நீண்ட நீலக் கோட்டின் மேல் சூரியன் எழும். அதன் ஓரத்தில் பாரந்தூக்கி ஒன்று நிற்கும். அதற்கும் முன்னால், இன்ஜின் பொருத்திய படகு ஒன்று கரையை நோக்கி வந்துகொண்டிருக்கும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரின் பெரியவர் ஒருவரிடம் அவருடைய தொழில் குறித்துக் கேட்டறிந்து, எட்டு வயதுக் குழந்தைக்கு ஏற்ற கதையாக எழுதுக. அத்தொழிலுக்குரிய சொற்களை மாற்றாமல் பயன்படுத்துக.

2. ஒரு தாளை எட்டுக் கட்டங்களாக மடித்து, நடுவில் ஒரு வெட்டு மட்டும் இட்டு, எட்டுப் பக்கச் சிறுநூலாக மாற்றுக. நீங்கள் எழுதிய கதையை உங்கள் வகுப்பில் வரையத் தெரிந்த நண்பருடன் இணைந்து அந்நூலில் படைக்க. இருவர் பெயரையும் அட்டையில் இடுக.

3. அவ்வாறு உருவான நூல்களைத் தொகுத்து, அருகிலுள்ள தொடக்கப் பள்ளியின் வகுப்பு நூலகத்துக்கு வழங்குக.

4. நீங்கள் சிறுவயதில் விரும்பிப் படித்த படநூல் அல்லது படக்கதையின் ஓவியர் பெயரைத் தேடியறிந்து, அவரைப் பற்றி வகுப்பறையில் மூன்று மணித்துளிகள் உரையாற்றுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கப்பட்ட ஆண்டு
அ) 1931 ஆ) 1947 இ) 1950 ஈ) 1979

2. உழைப்பாளர் சிலையை வடித்தவர்
அ) கே.சி. சிவசங்கரன் ஆ) தேவி பிரசாத் ராய் சௌத்ரி இ) பஜ்ஜு ஷ்யாம் ஈ) அசோக் ராஜகோபாலன்

3. பொருத்துக.
1) மன்னார்குடி – க) நூற்கண்காட்சி
2) மியூனிக் – ங) ஓவியர் சங்கர் பயின்ற பள்ளி
3) முத்தியால்பேட்டை – ச) நடமாடும் நூலகம்
அ) 1-க, 2-ங, 3-ச ஆ) 1-ச, 2-க, 3-ங இ) 1-ங, 2-ச, 3-க ஈ) 1-ச, 2-ங, 3-க

குறுவினா

1. கடற்கரைக் குழந்தை மலைகளை வரைவது எதனை உணர்த்துகிறது?
2. படநூல்களின் பக்க எண்ணிக்கை எட்டின் அல்லது பதினாறின் மடங்காக அமைவது ஏன்?

சிறுவினா

1. ஓவியரின் படகைக் குழந்தைகள் திருத்தும் நிகழ்வின்வழி அறியப்படும் இரண்டு பாடங்களை விளக்குக.
2. அரங்கநாதனின் நூலக விதிகள் இரண்டனைக் கூறி, அவற்றை உங்கள் ஊர்க் குழந்தைகளின் நிலையோடு ஒப்பிடுக.

நெடுவினா

1. 'விழாவின் வெற்றியை விழாவுக்குப் பின் கரையில் தங்கிய நூல்களால் அளவிடவேண்டும்' – இக்கூற்றைப் பாடக் கருத்துகளின் துணையுடன் ஆய்க.
2. உங்கள் பகுதியில் சிறார் எழுத்தாளர்களும் ஓவியர்களும் பங்கேற்கும் விழா ஒன்றை நடத்துவதாயின், அதற்கான திட்டத்தையும் விழாவுக்குப் பின் தொடரவேண்டிய பணிகளையும் விளக்கிக் கட்டுரை எழுதுக.